வெயிட்டுக்கு நடக்கறது வேற, மண்டைக்கு நடக்கறது வேற

கடலூர் மஞ்சக்குப்பத்துல எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. டைப்பிங்கும் உண்டு, கலெக்டர் ஆபீஸுக்கு வர்றவங்க மனு அடிச்சு வாங்கிட்டுப் போவாங்க. திங்கக்கிழமை குறைதீர்ப்பு நாள், அன்னிக்கு காலைல 8 மணிக்கே வாசல்ல ஆள் நிக்கும். பட்டா மாறல, முதியோர் பென்ஷன் நின்னு போச்சு, பக்கத்து நிலத்துக்காரன் வரப்ப வெட்டிட்டான், மருமகன் குடிச்சிட்டு அடிக்கிறான், இப்படி ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சொல்லச் சொல்ல நான் அடிச்சுக்கிட்டே இருப்பேன். ஊர் கஷ்டத்த எல்லாம் முப்பது நாப்பது பக்கம் டைப் பண்ணிட்டு ராத்திரி வீட்டுக்குப் போனா வாய்ல நல்ல வார்த்தை எங்கேந்து வரும்? ஒரு தடவை ரிமோட்டக் காணோம்னு பொண்ணுகிட்ட அந்தக் கத்து கத்தினேன், ரிமோட் என் மடிலயே கெடந்துச்சு.

பிபி இருக்கு, வெயிட்ட குறைங்க, தினம் நடங்கன்னு டாக்டர் சொன்னாரு. சரின்னு 3500 ரூவாய்க்கு ஷூ வாங்கினேன், ஒரு ஜிம்ல வருஷத்துக்கும் சேத்து பணம் கட்டினேன், மொத்தமா போனது 19 நாள். கொறஞ்சது 600 கிராம். அதுவும் மிஷின்ல ஏறும்போது பாக்கெட்ல சாவிக்கொத்து இல்லாததால இருக்கும்னு என் வூட்டுக்காரம்மாவுக்கு சந்தேகம். விட்டுட்டேன்.

அப்புறம் பைக் இன்ஜின் மக்கர் பண்ணி மெக்கானிக் ஷெட்ல ஒம்போது நாள் நின்னுச்சு. வீடு திருப்பாப்புலியூர்ல, கடை கெடிலம் ஆத்துக்கு அந்தாண்ட. ஆட்டோவுக்கு தினம் குடுக்க மனசு வரல, பாலத்து வழியா நடந்தே போனேன், போக அரை மணி, வர அரை மணி. ஒம்போதாம் நாள் ராத்திரி சோறு போடும்போது வூட்டுக்காரம்மா கேக்கறாங்க, "ஒரு வாரமா யாரையும் திட்டலியே, உடம்பு ஏதும் சரியில்லையா?"ன்னு. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. அதுவரைக்கும் நான் பாத்துக்கிட்டு இருந்தது வெயிட் மிஷின் முள்ள மட்டும்தான், இந்தப் பக்கம் வேற ஒரு முள்ளு ஆடிக்கிட்டு இருந்தத கவனிக்கவே இல்ல.

அதனால இத எழுதறேன். வெயிட் குறைக்கணும்னு வந்தவங்களுக்கு இதுல பெருசா ஒன்னும் கெடைக்காது, அதுக்கு பாதி வேலை சோத்துத் தட்டுல இருக்கு. மனசு கடுகடுன்னு இருக்கு, தூக்கம் சரியில்ல, சின்ன விஷயத்துக்கும் சள்ளுன்னு விழறோம்னு இருக்கறவங்களுக்குத்தான் இது. ரெண்டுக்கும் நடைதான் மருந்துன்னாலும் பக்குவம் வேற வேற. வெயிட்டுக்கு நடந்தா பலன் தெரிய மூணு மாசம் ஆகும், மண்டைக்கு நடந்தா அன்னிக்கே தெரியும். அன்னிக்கே தெரியற ஒன்ன மூணு மாசம் கழிச்சு அளந்தா எப்படி?

மொதல்ல மார்க் போடுங்க

ஷூ வாங்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இது. வீட்டுல தினசரி காலண்டர் மாட்டியிருப்பீங்க இல்ல, பலசரக்குக் கடையிலயோ நகைக்கடையிலயோ குடுத்தது, நேத்து தாள கிழிச்சா பின்பக்கம் வெள்ளையா இருக்கும். அதுல மூணு நம்பர். நடக்கப் போறதுக்கு முன்னாடி மனசு எப்படி இருக்குன்னு பத்துக்கு ஒரு மார்க், நடந்துட்டு வந்து ஒரு கால் மணி நேரம் கழிச்சு ஒரு மார்க், ராத்திரி 9 மணிக்கு ஒரு மார்க். 1ன்னா மூஞ்சத் தூக்கி சுவத்துப் பக்கம் படுத்திருக்கற நாள், 10ன்னா பொண்ணு பாஸாயிட்டான்னு போன் வந்த நாள். ரொம்ப யோசிக்கக் கூடாது, தோணுறத போட்டுட்டு போய்க்கிட்டே இருக்கணும். பக்கத்துலயே எத்தன நிமிஷம் நடந்தீங்க, எங்க, யார் கூட, அவ்ளோதான்.

ராத்திரி மார்க் எதுக்குன்னா, நடந்துட்டு வந்த சூட்டுல எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும். அது சாயங்காலம் வரைக்கும் நிக்குதா, பாதி நாள்லயே வடிஞ்சு போகுதான்னு அந்த மூணாவது நம்பர்தான் சொல்லும். அதே தாள்ல வேணும்னா வீட்டுல உள்ளவங்ககிட்டயும் ஒரு மார்க் கேளுங்க, நமக்கு நாமே போட்டுக்கறத விட அது கறாரா இருக்கும். எனக்கு முதல் வாரம் நான் போட்டது 6, வூட்டுக்காரம்மா போட்டது 4.

ஒரு பதினாலு தாள் சேந்த உடனே தரையில வரிசையா பரப்பிப் பாருங்க. என் தாள்ல தெரிஞ்சத சொல்றேன், உங்களுது வேற மாதிரி இருக்கலாம். இருவது நிமிஷம் நடந்த நாளுக்கும் அம்பது நிமிஷம் நடந்த நாளுக்கும் மார்க்ல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா நடக்காத நாளுக்கும் இருவது நிமிஷத்துக்கும் நடுவுல ரெண்டு மார்க் ஏறி இருந்துச்சு. போன் பேசிக்கிட்டே நடந்த நாள் எல்லாம் சுத்தமா ஏறவே இல்ல, கால் மட்டும்தான் நடந்திருக்கு. ரெண்டு நாள் சேந்தாப்ல விட்டா மூணாம் நாள் ராத்திரி மார்க் விழுது. இன்னொன்னு, தாள்லயே சந்திராஷ்டமம்னு போட்டிருப்பான் இல்ல, என் ராசிக்கு சந்திராஷ்டமம் விழுந்த நாள்ல கூட 7 வாங்கியிருக்கேன். அம்மாகிட்ட இத சொல்லல.

எவ்ளோ, எவ்ளோ வேகம்

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்கு, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150லேந்து 300 நிமிஷம் மிதமான வேகத்துல, அதோட ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. 150ன்னா பயப்படாதீங்க, ஏழால வகுத்தா நாளைக்கு இருவத்திரெண்டு நிமிஷம்கூட வராது. பத்தாயிரம் ஸ்டெப்புன்னு ஒன்னு எல்லாரும் வாட்ச்ச பாத்து பாத்து வீட்டுக்குள்ள சுத்திக்கிட்டு இருக்காங்க, அது ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்ச எல்லை இல்ல. 1965ல ஜப்பான்ல ஒரு ஸ்டெப் எண்ற மிஷின விக்கறதுக்கு வெச்ச பேரு, 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம், அந்தப் பேரே ஊரெல்லாம் பரவி சட்டமாயிடுச்சு. அது வரலன்னு ராத்திரி பத்து மணிக்கு ஹால்ல நடந்து மனசக் கெடுத்துக்கறவங்கள எனக்குத் தெரியும்.

வேகத்துக்கு ஒரே சோதனைதான். பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட்டே வருதுன்னா உலாவறீங்க, கொஞ்சம் எட்டிப் போடுங்க. பதில் சொல்லவே மூச்சு வாங்குதுன்னா ஜாஸ்தி. ஜாஸ்தியா போனா என்ன தப்புன்னா, ஒரு அளவுக்கு மேல முக்கினா செய்யும்போதே வெறுப்பா ஆயிடும், நிறுத்தின பிறகு கொஞ்சம் லேசாகும்னாலும் மறுநாள் அலாரம் அடிக்கும்போது மண்டைக்கு ஞாபகம் வர்றது அந்த வெறுப்புதான். ஜிம்ல எனக்கு நடந்தது அதேதான், முதல் நாளே காலு ரெண்டும் கழண்டு போற மாதிரி பண்ண வெச்சுட்டு "நோ பெயின் நோ கெய்ன் ஜி"ன்னாரு அந்த தம்பி. பெயின்தான் வந்துச்சு. அதனால முதல் அஞ்சு நிமிஷம் மெதுவா, நடுவுல ஒரு பதினஞ்சு நிமிஷம் எட்டி, கடைசி அஞ்சு நிமிஷம் நல்லா இளைப்பாறி மெதுவா. கடைசி பகுதி சுகமா முடிஞ்சா நாளைக்கு வர்றதுக்கு மனசு அடம் பிடிக்காது.

தூரத்த பத்தி ஒரு கத. நம்ம ஊர் செயின்ட் டேவிட் கோட்டைய 1690ல வெள்ளக்காரன் கம்பெனி மராட்டியர்கிட்ட வாங்கும்போது, கோட்டையிலேந்து பீரங்கி சுட்டு குண்டு போய் விழற தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் எங்களுதுன்னு எடுத்துக்கிட்டான். அந்த ஊர்களுக்கு குண்டு கிராமம்னே பேரு. இந்த அநியாயத்த நாம நல்லதுக்கு பயன்படுத்திக்கலாம். உங்க வாசல்ல நின்னு ஒரு குண்டு சுட்டா எங்க போய் விழும்னு நினைக்கிறீங்களோ, அதுக்குள்ளயே நடக்கிற இடத்த வெச்சுக்குங்க. பைக் எடுத்துக்கிட்டு போய் அங்க பார்க் பண்ணி நடக்கணும்னா அது பத்து நாள் தாண்டாது. நான் சில்வர் பீச்ச ஞாயித்துக்கிழமைக்கும் திங்கக்கிழமைக்கும் வெச்சுக்கிட்டு மத்த நாள் பாலத்தோட முடிச்சிக்கறேன்.

சில்வர் பீச் போறவங்களுக்கு ஒரு வார்த்த. காஞ்ச பொலபொலன்னு இருக்கற மணல்ல நடக்கறதுக்கு தார் ரோட்டுல அதே வேகத்துல நடக்கறத விட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி செலவாகும். புதுசா ஆரம்பிக்கறவங்க ரோட்டுலயே நடந்துட்டு கடைசியா மணல்ல போய் உக்காருங்க, இல்லன்னா அலை நனைச்சு இறுகின ஓரமா நடங்க. ஒரு மாசம் ஆன பிறகு செருப்ப கையில எடுத்துக்கிட்டு காஞ்ச மணல்ல பத்து நிமிஷம், ஆடுசதை பேசும். கிழக்க கடல் இருக்கறது நமக்கு அதிர்ஷ்டம், காலைல போனா சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும். காலை வெளிச்சம் கண்ணுல படறது ராத்திரி நேரத்துக்கு தூக்கம் வர உதவும், உடம்புக்குள்ள இருக்கற கடிகாரத்துக்கு சாவி குடுக்கறது அதுதான்.

திங்கக்கிழமை

இத கொஞ்சம் விலாவரியா சொல்லணும், எனக்கு மொத்த ரொட்டீனும் இந்த ஒரு நாளுக்காகத்தான்.

போன ஆடி மாசம் ஒரு திங்கக்கிழமை, நெல்லிக்குப்பம் பக்கத்துலேந்து ஒரு பாட்டி. முதியோர் பென்ஷன் நின்னு போய் அஞ்சு மாசம், அதே மனு, மூணாவது தடவை. பழைய ஃபைல எடுத்து தேதிய மாத்தி பிரிண்ட் போட்டு கையில குடுத்தேன். "ஒரு தடவ படிச்சுக் காட்டு சாமி"ன்னுச்சு. பின்னாடி பதினாலு பேரு நிக்கறாங்க. "போன தடவ அடிச்சதுதான் பாட்டி, எழுத்து என்ன மாறிடவா போகுது, போ"ன்னு விரட்டிட்டேன். அது ஒன்னும் சொல்லல, தாள நாலா மடிச்சு சுருக்குப் பைல வெச்சுக்கிட்டு போயிடுச்சு.

கடைய மூடிட்டு 6:30க்கு நேரா சில்வர் பீச் ரோடு. திங்கக்கிழமை மட்டும் காலைல நடக்கறதில்ல, சாயங்காலம்தான், வீட்டு வாசப்படி மிதிக்கறதுக்கு முன்னாடி நடந்துடணும்னு எனக்கு நானே போட்டுக்கிட்ட கட்டளை. முதல் பத்து நிமிஷம் எப்பவும் கடைதான் ஓடும். அந்த ஆளு அப்படி சொன்னான், நான் இப்படி சொல்லியிருக்கணும், டோனர் தீந்துபோச்சு, கரண்ட் பில்லு, பெரியார் காலேஜ் தாண்டற வரைக்கும் இதே படம். இந்தப் பத்து நிமிஷத்த வெச்சு "நடந்தும் ஒன்னும் ஆகல"ன்னு திரும்பிடறவங்கதான் நிறைய பேரு, திரும்பாதீங்க. பதினஞ்சாவது நிமிஷம் வாக்குல ஒரு மாறுதல் வரும், நீங்க ஒன்னும் பண்ணாமலேயே வரும். மூச்சு சத்தம் காதுல விழ ஆரம்பிக்கும், சுண்டல் வண்டில அரிக்கேன் மாதிரி தொங்குற சார்ஜ் லைட்டு கண்ணுல படும், தேவனாம்பட்டினத்து பசங்க வலைய இழுத்து ஓரமா சுருட்டிக்கிட்டு இருக்கறது தெரியும். அன்னிக்கு எனக்கு தெரிஞ்சது அந்தப் பாட்டி மடிச்ச மடிப்பு. நாலா மடிச்சு, ஓரத்த நகத்தால அழுத்தி.

மறுநாள் காலைல மனுல இருந்த நம்பருக்கு போன் போட்டேன், பேரன் எடுத்தான், ஸ்பீக்கர்ல போடச் சொல்லி ஒரு வரி விடாம படிச்சேன். அன்னிக்கு தாள்ல 4, 7, 7.

பென்ஷன் அதனால வந்துடுச்சான்னு கேக்காதீங்க, நடந்தா பிரச்சனை தீராது. கடன் கடனாவே இருக்கும், டோனர் டோனராவே தீந்திருக்கும். உங்களுக்கும் ஒரு திங்கக்கிழமை இருக்கும், சம்பள நாளுக்கு முந்தின வாரமோ, மாமியார் வீட்டு ஞாயித்துக்கிழமையோ. அது எந்த நாளுன்னு மார்க் தாள் காட்டிக் குடுத்துடும். அந்த நாளுக்கு நடைய எந்த நேரத்துல வெக்கறீங்கன்னு யோசிங்க, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவுல வெச்சா ரெட்டிப்பு பலன்.

மண்டைக்குள்ள என்ன நடக்குது

எண்டார்ஃபின் சுரக்குது, அதான் ஜாலியா இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ரத்தத்துல ஏறுற எண்டார்ஃபின் அவ்ளோ லேசுல மூளைக்குள்ள போகாது, நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. இப்ப ஆராய்ச்சிக்காரங்க அதிகமா பேசறது வேற ஒரு பொருள், 1992ல கண்டுபிடிச்சது, நம்ம உடம்பே தயாரிக்கறது, தடுப்ப தாண்டி உள்ள போகக் கூடியது. பேரு ஆனந்தமைடு. ஆமா, நம்ம ஆனந்தமேதான், சமஸ்கிருத வார்த்தைய எடுத்து வெச்சிருக்காங்க. மிதமான வேகத்துல கொஞ்ச நேரம் தொடர்ந்து செஞ்சா இது ரத்தத்துல ஏறுது. இது ஒன்னு மட்டுமே காரணம்னு இல்ல, தூக்கம் சீராகறது, வெளிச்சம், மனுஷங்க மூஞ்ச பாக்கறது, "இன்னிக்கு ஒன்ன முடிச்சோம்"கற நினைப்பு, எல்லாம் கலந்த குழம்புதான்.

அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல 1999ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. மன அழுத்த நோய் உள்ள 156 பேரு, அம்பது வயசு தாண்டினவங்க, மூணு குரூப். ஒரு குரூப்புக்கு வாரம் மூணு நாள் உடற்பயிற்சி, ஒன்னுக்கு மாத்திரை, ஒன்னுக்கு ரெண்டும். 16 வாரம் கழிச்சுப் பாத்தா மூணு குரூப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு தேறி இருந்தாங்க, மாத்திரை குரூப் மட்டும் ஆரம்பத்துல கொஞ்சம் சீக்கிரம். இத படிச்சுட்டு யாரும் மாத்திரைய தூக்கிப் போட்டுடாதீங்க, அங்க கூடவே ஆளு நின்னு செய்ய வெச்சாங்க, நம்மள எழுப்ப அலாரம் மட்டும்தான் இருக்கு. மாத்திரை சாப்பிடறவங்க அதோட சேத்து நடங்க, குறைக்கறத டாக்டர் பாத்துக்குவாரு.

இன்னொரு விஷயம், "மூட் வரட்டும், நடக்கறேன்"னு உக்காந்தா வராது. மனசு சரியில்லாதவனுக்கு முதல்ல போறதே அந்த மூடுதான். அதனால மூட கேக்காதீங்க, செருப்ப மாட்டிக்கிட்டு தெருமுனை வரைக்கும் போங்க. அங்க நின்னும் வேண்டாம்னு தோணுச்சுன்னா திரும்பிடலாம், குத்தம் இல்ல. நான் அப்படி திரும்பினது இதுவரைக்கும் நாலு தடவையோ அஞ்சு தடவையோதான்.

தோப்புக்கரணம் சும்மா இல்ல

வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு வேலைன்னு சொன்னேன் இல்ல, அதுக்கு ஜிம் வேணாம். பிள்ளையார் முன்னாடி போடறத வீட்டுல போடுங்க. கால தோள் அகலத்துக்கு வெச்சு, குதிகால் தரையிலேந்து கிளம்பாம, பின்னாடி ஒரு முக்காலி இருக்கற மாதிரி நினைச்சு இடுப்ப பின்னால தள்ளி உக்காரணும், முட்டிய முன்னால துருத்தக் கூடாது. இறங்கும்போது மூச்ச இழுங்க, ஏறும்போது விடுங்க. பிபி இருக்கறவங்க மூச்ச அடக்கிக்கிட்டு முக்கவே கூடாது, பிபி சட்டுனு ஏறும். பத்து போட்டு ஒரு நிமிஷம் நின்னு இன்னொரு பத்து. முட்டி வலிக்கறவங்க சேர்ல உக்காந்து கைய ஊனாம எந்திரிங்க, அதுவும் இதேதான். அப்புறம் செவுத்துல கை வெச்சு தண்டால், தரையில போடறதுக்கு மார்ல பலம் வர்ற வரைக்கும் செவுரு போதும். ரெண்டும் சேந்து பத்து நிமிஷம் ஆகாது.

எனக்கு இதுல தெரிஞ்ச லாபம், எண்ணிக்கை ஏறுறது கண்ணுக்குத் தெரியும். நடையில அது தெரியாது, நேத்து நடந்த ரோட்டுலதான் இன்னிக்கும் நடக்கறோம். தோப்புக்கரணம் போன மாசம் பன்னெண்டு, இந்த மாசம் பதினெட்டுன்னா அதுல ஒரு சின்ன கெத்து இருக்கு.

கூட யாரு

தனியா நடந்தா நாளைக்கு போய்க்கலாம்னு தோணும், ஒருத்தர் முனையில நின்னுக்கிட்டு இருக்காருன்னா போய்த்தான் ஆகணும். எனக்கு எதிர் வீட்டு அண்ணன், பஸ் டெப்போவுல இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ரெண்டு பேரும் ஒப்பந்தம் போட்டிருக்கோம், கட்சி பேசக் கூடாது, சுகர் எவ்ளோன்னு கேக்கக் கூடாது, அஞ்சு நிமிஷத்துக்கு மேல காத்திருக்கக் கூடாது. பாதி நாள் நாங்க பேசறதே இல்ல, அதுதான் நல்ல நாள்.

இத எழுதறேன்னு சொன்ன உடனே என் வூட்டுக்காரம்மா சொன்னது, "காலைல 5:30க்கு நடங்கன்னு நீங்க லேசா எழுதிடுவீங்க, அந்த நேரத்துல டிஃபன் பாக்ஸுக்கு யாரு சமைக்கறது, இருட்டுல தனியா பொம்பள எப்படி நடக்கறது?" நியாயம். அவங்க கண்டுபிடிச்ச வழி, சாயங்காலம் 6 மணிக்கு பாடலீஸ்வரர் கோயில் பிரகாரம், பக்கத்துத் தெரு அக்காங்க ரெண்டு பேரோட, வெளிச்சம் இருக்கு, ஆள் நடமாட்டம் இருக்கு, யாரும் ஏன் போறன்னு கேக்க மாட்டாங்க. மூணு சுத்துன்னு ஆரம்பிச்சு இப்ப கால் மணி நேரம் விடாம சுத்தறாங்க. அவங்க மார்க் என்னுத விட ஜாஸ்தி. காரணம் நடையா அக்காங்களான்னு தெரியலன்னு அவங்களே சொல்றாங்க, எதுவா இருந்தா என்ன. ஆம்பளைங்களுக்கு ஒன்னு, வீட்டுல அந்த அரை மணி நேர அடுப்ப நீங்க பாத்துக்கிட்டாத்தான் அவங்க போக முடியும், நான் வாரத்துல நாலு நாள் பாத்துக்கறேன், தோசை வட்டமா வர்றதில்ல.

வெயில், மழை, நாயி

அக்னி நட்சத்திரத்துல நம்ம கடலோர ஊர்ல வேர்வை வடியுமே தவிர காயாது, காத்துல அவ்ளோ ஈரம். வேர்வை காஞ்சாத்தான் உடம்பு குளிரும், அதனால அந்த மாசம் நேரத்த பாதியா குறைச்சு 5:15க்கே கிளம்பி 6 மணிக்குள்ள வந்துடுங்க, வந்த உடனே உப்பு போட்ட மோரு. தலை கிறுகிறுன்னு வந்தா, வாந்தி வர்ற மாதிரி இருந்தா அப்படியே நிழல்ல உக்காந்துடணும், வீம்பு வேணாம்.

ஐப்பசி கார்த்திகைதான் பெரிய சோதனை. 2024 ஃபெஞ்சல் புயலப்ப நாலு நாள் நான் வெளிய கால் வெக்கல, மூணாம் நாளே மார்க் 3, வீட்டுல எல்லாரும் எல்லார் மேலயும் விழுந்துக்கிட்டு இருந்தோம். நாலாம் நாள் பொண்ணு பாட்டு போட்டா, ஹால்ல நின்ன இடத்துலயே பத்து நிமிஷம் கால தூக்கி தூக்கி மார்ச், மதியம் ஒரு பத்து, சாயங்காலம் ஒரு பத்து. மூணு பத்து சேந்தா முப்பதுதான், தொடர்ந்து செஞ்சாத்தான் கணக்குன்னு இல்ல. மழைக்கான இந்த ஏற்பாட புரட்டாசிலயே முடிவு பண்ணி வெச்சுக்குங்க, கொட்டும்போது யோசிச்சா போர்வைதான் ஜெயிக்கும்.

நடுவுல ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா போச்சுன்னு உக்காராதீங்க. 21 நாள்ல பழக்கமாயிடும்கறது சும்மா. லண்டன்ல 96 பேர வெச்சு பாத்ததுல ஒரு பழக்கம் தானா வர சராசரி 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆளு 18லேந்து 254 வரைக்கும் மாறுது, நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா ஒன்னும் கெடல. ரெண்டு நாள் சேத்து விடக் கூடாதுன்னு மட்டும் நான் வெச்சிருக்கேன்.

நாயி துரத்தினா ஓடாதீங்க, ஓடினா அதுக்கு விளையாட்டு. நின்னு, கண்ண நேரா பாக்காம, மெதுவா பக்கவாட்டுல நகருங்க. அண்ணன் கையில ஒரு குடை வெச்சிருப்பாரு, வெயில் இல்லாத நேரத்துலயும்.

டாக்டர்கிட்ட எப்ப

நெஞ்சுல பாரம், இடது கைல இழுக்கற மாதிரி வலி, வழக்கத்துக்கு மீறின மூச்சு வாங்கல், இதெல்லாம் வந்தா நடைய அங்கேயே நிறுத்தி ஆஸ்பத்திரி. சுகர் மாத்திரையோ ஊசியோ போடறவங்க சட்டைப் பைல ரெண்டு மிட்டாய் வெச்சுக்கணும், வீட்டுக்கு வந்து கால் அடிய பாக்கணும், பீச்ல வெறுங்காலோட நடக்கறது அவங்களுக்கு வேணாம், சின்ன கிளிஞ்சல் குத்தினாலும் தெரியாமப் போயிடும்.

நடந்தும் ரெண்டு வாரமா மார்க் 2, 3ன்னே கெடக்கு, பிடிச்சது எதுவும் பிடிக்கல, சாப்பாடு தூக்கம் ரெண்டும் தாறுமாறுன்னா அது சோம்பேறித்தனம் இல்ல, டாக்டர பாருங்க. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இதெல்லாமும் ஆள இப்படி முடக்கிப் போடும், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும். செத்துப் போயிடலாம்னு நினைப்பு வந்தா மார்க்குக்காக காத்திருக்க வேணாம், 14416க்கு போன் போடுங்க, மனநல உதவிக்குன்னு அரசாங்கம் வெச்சிருக்கற டெலி மானஸ் நம்பர், காசு இல்ல, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

ஷூ பத்தி கேப்பீங்க. அந்த 3500 ரூவா ஷூ பீரோ மேல இருக்கு. ரோட்டுல தினம் நடக்கறதுன்னா பட்டை வெச்ச, குதிகால்ல மெத்துன்னு இருக்கற சாதாரண செருப்பே எனக்கு போதுமா இருக்கு, முட்டி பிரச்சனை உள்ளவங்க நல்ல ஷூவா பாத்துக்குங்க.

அப்புறம் நடை முடிஞ்சு டீக்கடைல நிக்கற பழக்கம். அத விடச் சொல்றவங்கள நான் நம்பறதில்ல, அந்த அஞ்சு நிமிஷம் ஊர் பேச்சும் மருந்துதான். ஒரு டீ, ஒரு மசால் வடை. ரெண்டாவது வடைக்கு மார்க் ஏறாது, ஆறு வாரம் எழுதிப் பாத்துட்டேன்.